ஒரு குதிரையை நம்பிய லாயம்

நேயர்களுக்கு வணக்கம்.

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்குக் கிண்டி ரேஸ்தான் நினைவுக்கு வரும். கிண்டியிலும் ஊட்டியிலும் நடந்தது சமதரைப் பந்தயம். இரண்டு வயதிலேயே குதிரை ஓடத் தொடங்கிவிடும், ஒன்றிரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். நான் இன்று பேசப்போவது இங்கிலாந்தில் குளிர்காலத்தில் நடக்கும் தடை தாண்டும் பந்தயத்தைப் பற்றி. மழையில் ஊறிய புல்தரை, மார்பளவு உயர வேலிகள், நாலைந்து கிலோமீட்டர் ஓட்டம். ஆறேழு வயதில்தான் இந்தக் குதிரைகள் உருப்படியாக ஓடவே ஆரம்பிக்கும். அதுவரை வைத்துத் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆக்ஸ்போர்டுஷயரில் வாண்டேஜ் ஊருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் குன்றுகளின் மடியில் லெட்கம்ப் பாசெட் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. மார்க் பிராட்ஸ்டாக், அவருடைய மனைவி சாரா இருவரும் அங்கே ஒரு லாயம் நடத்தினார்கள். பெரிய பயிற்சியாளர்களிடம் நூறு, நூற்றைம்பது குதிரைகள் நிற்கும். இவர்களிடம் இருந்தது ஒரு டஜனை ஒட்டித்தான்.

சாராவின் அப்பா ஜான் ஓக்ஸி. பிரபு குடும்பம், ஆனால் குதிரை மேலேயே வாழ்ந்த மனிதர். 1963இல் கிராண்ட் நேஷனல் என்ற பெயர்பெற்ற தடை தாண்டும் பந்தயத்தில் கேரிக்பெக் என்ற குதிரையில் முன்னால் வந்துகொண்டிருந்தவரை, முடிவுக் கோட்டுக்குச் சில அடிகள் இருக்கும்போது அயாலா என்ற குதிரை முந்திவிட்டது. அவர் ஜாக்கி மட்டும் அல்ல, பத்திரிகையாளரும்கூட. அதனால் தான் தோற்ற அந்தப் பந்தயத்தைப் பற்றித் தானே உட்கார்ந்து எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார். இரண்டு ஜாக்கிகள் விழுந்து முடங்கிப் போனதையொட்டி, அடுத்த வருஷம் காயம்பட்ட ஜாக்கிகளுக்காக ஒரு நிதி தொடங்கப்பட்டது. அதற்காகக் கடைசிவரை உழைத்தவர்களில் முதன்மையானவர் அவர்.

அவர் 3,000 கினிக்கு (ஒரு கினி ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) வாங்கிய பெண் குதிரை ஒன்று, பெயர் பிளெய்ட் மெய்ட். பந்தயக் குதிரை விலையில் அது மிகச் சொற்பம். அதன் வயிற்றில் பிறந்த கரதர்ஸ் 2011 நவம்பரில் நியூபரியில் ஹெனசி கோல்ட் கப்பை வென்றது. ஓக்ஸி அப்போது உடல்நலம் குன்றியிருந்தார், மறுவருஷம் காலமானார். கரதர்ஸின் தம்பிதான் கோனிக்ரீ. நான் சொல்ல வந்த கதை அதனுடையது.

2012 குளிர்காலத்தில் கோனிக்ரீ தாழ்வான தடைகளைத் தாண்டி அடுத்தடுத்து வென்றது. நல்ல குதிரை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட நேரத்தில் காயம். ஏறக்குறைய இரண்டு வருஷம் பந்தயமே கிடையாது.

இந்த இரண்டு வருஷம் என்பது என்ன என்று கொஞ்சம் விளக்க வேண்டும். லாயத்தில் காலை வேலை குதிரையின் கால்களில்தான் தொடங்கும். குனிந்து, முன்னங்காலின் பின்பக்கத்துத் தசைநாணை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்ப்பார்கள். எங்காவது இளஞ்சூடு தெரிகிறதா, நேற்று இல்லாத மெல்லிய வீக்கம் இருக்கிறதா என்று. அரை டன் எடை உள்ள மிருகம் வேலியைத் தாண்டித் தரையில் இறங்கும்போது ஒரு கணம் மொத்தப் பாரமும் ஒற்றைக் காலில் விழுகிறது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்தால் ஆற ஒரு வருஷம்கூட ஆகும். எலும்பில் அடிபட்டாலும் அவசரப்பட முடியாது. முதலில் கொட்டடியிலேயே ஓய்வு. அப்புறம் வாரக்கணக்கில் கையில் பிடித்து நடத்துவது. பிறகு மெல்லோட்டம், அதற்கும் பிறகு குன்றின் சரிவில் மேல்நோக்கி நிதானமான பாய்ச்சல். நடுவில் ஒரு நாள் காலில் சூடு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. நூறு குதிரை இருக்கும் இடத்தில் ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடும். டஜன் குதிரைக்காரரின் வருஷமோ அந்த ஒரு காலில் நிற்கிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்போம். உயிருள்ள குதிரையை நம்பி இறங்கவும் நிறைய நெஞ்சுறுதி வேண்டும் என்று இவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

2014 நவம்பரில் கோனிக்ரீ திரும்பி வந்தது. இப்போது உயரமான வேலிகள். நியூபரியில் வெற்றி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கெம்ப்டனில் மற்றக் குதிரைகளைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விட்டு வெற்றி. பிப்ரவரியில் மறுபடி நியூபரியில், அனுபவம் மிகுந்த குதிரைகளுக்கு எதிராக டென்மன் சேஸ் என்ற பந்தயத்தில் வெற்றி. மூன்றிலும் அது தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடியது. வேலி நெருங்கும்போது தயங்காமல் இன்னும் வேகம் கூட்டித் தாவும். பார்ப்பதற்கே உடம்பு சிலிர்க்கும்.

மார்ச்சில் செல்டன்ஹாம் ஊரில் இந்தப் பந்தயங்களின் பெரிய திருவிழா. வேலி தாண்டுவதில் முதல் வருஷக் குதிரைகளுக்கென்றே அங்கே தனிப் பந்தயம் உண்டு. கோனிக்ரீ அதில் ஓடியிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மார்க்கும் சாராவும் அந்தத் திருவிழாவின் முக்கியப் பந்தயமான செல்டன்ஹாம் கோல்ட் கப்பையே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தூரம், 22 வேலிகள், 5,50,000 பவுண்டு பரிசுத்தொகை. முதல் வருஷக் குதிரை அதை வென்றது கடைசியாக 1974இல், கேப்டன் கிறிஸ்டி. நாற்பது வருஷமாக எந்தப் புதுக்குதிரையாலும் முடியவில்லை. வீண் துணிச்சல் என்று பேசியவர்கள் அநேகம்.

எனக்கு அது துணிச்சலாக மட்டும் தோன்றவில்லை. இரண்டு வருஷம் அந்தக் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அடுத்த மார்ச்சில் குதிரை இப்படியே நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இன்று கால் நன்றாக இருக்கிறது, இன்று ஓடட்டும். சின்ன லாயத்தின் கணக்கு அப்படித்தான் இருக்க முடியும்.

2015 மார்ச் 13. ஜாக்கி நிக்கோ டி பாய்ன்வில், அப்போது அதிகம் பேர் அறியாத இளைஞர். பெரிய லாயம் ஒன்றில் காலைப் பயிற்சி ஓட்டங்களில் குதிரை ஏறிப் பழகியவர். கொடி விழுந்ததும் கோனிக்ரீ முன்னால் போனது, முன்னாலேயே இருந்தது. வேலிக்கு வேலி, இப்போது களைக்கும், இப்போது தடுமாறும் என்று நான் தொலைக்காட்சி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசி வேலிக்கு அப்புறம் செல்டன்ஹாமில் ஒரு ஏற்றம் வரும். பல நல்ல குதிரைகள் அங்கேதான் கால் ஓய்ந்து நிற்கும். அயர்லாந்திலிருந்து வந்த ஜக்கடாம், ரோட் டு ரிச்சஸ் என்ற இரண்டு குதிரைகளும் நெருங்கின. கோனிக்ரீ தலையைத் தாழ்த்திக்கொண்டு ஏறியது. ஒன்றரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. வேலிகளில் அதற்கு அது நாலாவது பந்தயம்தான்.

அந்த நவம்பரில் சாண்டவுனில் சுலபமாக ஜெயித்தது. உடனே மறுபடி காயம், அந்த சீசன் அத்தோடு போயிற்று. 2017 ஏப்ரலில் அயர்லாந்தில் பஞ்செஸ்டவுனில், அந்த வருஷ கோல்ட் கப்பை வென்ற சைசிங் ஜானோடும் பழைய எதிரி ஜக்கடாமோடும் கடைசிவரை போராடி மூன்றாவதாக வந்தது. தோற்ற பந்தயம்தான், ஆனால் என் கண்ணுக்கு அது கோல்ட் கப் வெற்றிக்குக் குறைந்ததல்ல. 2019இல் ஓய்வு கொடுத்தார்கள். இன்னொரு செல்டன்ஹாம் கோல்ட் கப்பில் ஓட அதற்கு வாய்ப்பே அமையவில்லை.

இந்த விளையாட்டில் குதிரை வீடு திரும்பாத நாட்களும் உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அதனால் இதை வெறுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கோனிக்ரீ உயிரோடு ஓய்வு பெற்றது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

மார்க் பிராட்ஸ்டாக் 2024 ஜனவரியில் காலமானார். லாயம் என்னவாகும் என்று கவலையாக இருந்தது. சாரா தொடர்ந்து நடத்தினார். அவர்களிடம் மிஸ்டர் வேங்கோ என்று ஒரு குதிரை. வேகம் போதாது, ஆனால் சேற்றில் சளைக்காமல் ஓடும். 2025 ஜனவரியில் ஹேடாக்கில் ஜெயித்தது. அந்த மார்ச்சில் யூட்டாக்ஸ்டரில் மிட்லண்ட்ஸ் நேஷனல், ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல். அதையும் ஜெயித்தது. குதிரை கோட்டைத் தாண்டியபோது நான் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். எழுந்து நின்று கைதட்டினேன்.

நன்றி, வணக்கம்.