மூக்குக்கண்ணாடியை யாரிடம் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். மரணத்தைப் பற்றிப் பேசப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரும்போது, "கொஞ்சம் லேசாகப் பேசுங்கம்மா" என்றும் சொல்லி அனுப்பினார்கள். பார்க்கலாம்.

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு ஊரே ஒரே சமயத்தில் ஒரே புத்தகத்தைப் படிப்பது, அதுவும் சாவையும் துக்கத்தையும் பற்றிய புத்தகத்தைப் படிப்பது, இதைத்தான் இத்தனை வருடமாகக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். விஷயம் ஒன்றும் சிக்கலானதில்லை. வழக்கமாக இரண்டு பிரதி வாங்குகிற நூலகம், ஒரே புத்தகத்தில் நூறு இருநூறு வாங்கும். கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் சில, படிக்க முடியாதவர்களுக்கு ஒலிப்புத்தகம். ஒன்றிரண்டு மாதம் எல்லாரும் அதையே படிப்பார்கள், வாரம் ஒருநாள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான்.

முதலில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஊரே படிக்க வேறு புத்தகமே கிடைக்கவில்லையா? சந்தோஷமாக ஏதாவது போடக்கூடாதா?" அப்படிக் கேட்பவர்களுக்கு நான் ஒரு தகவல் சொல்வேன். இந்த 'ஒரே புத்தகம்' பழக்கம் பெரிதாகப் பரவியது 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து. அங்கே நான்சி பேர்ல் என்கிற நூலகர்தான் முன்னின்று நடத்தினார். அவர்கள் முதன்முதலில் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் தெரியுமா? ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய 'தி ஸ்வீட் ஹியராஃப்டர்'. ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் இறந்துபோகிறார்கள். மிச்சமிருக்கிற பெரியவர்கள் அதற்கப்புறம் எப்படி நாட்களைத் தள்ளுகிறார்கள் என்பதுதான் நாவல். நான்கு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள், நான்கு பேர் சொல்வதும் ஒன்றுபோல இருக்காது. ஆக இந்தப் பழக்கம் பிள்ளையார் சுழி போட்டதே துக்கத்தில்தான். பிற்பாடுதான் மற்ற ஊர்கள் மற்ற விஷயங்களுக்குப் போயின.

ஏன் ஊர் முழுக்க, ஏன் ஒரே புத்தகம்? துக்கத்தில் இருப்பவர் நூலகத்துக்கு வந்தால் என்ன செய்வார் என்று பல வருடம் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். வந்து கேட்க மாட்டார். சமையல் புத்தகம் எங்கே என்று கேட்பார்கள், போட்டித் தேர்வுப் புத்தகம் எங்கே என்று கேட்பார்கள், சாவைப் பற்றி என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தானாகவே தேடுவார்கள். தேடினால் லேசில் கிடைக்காது, ஏனென்றால் நூலகத்தில் புத்தகங்களை விஷயவாரியாக எண் போட்டு அடுக்குகிற டியூவி எண்முறையில் இந்த விஷயம் சிதறிக் கிடக்கிறது. மனத்துயரம் உளவியலோடு 155-இல், சமூகவியல் பார்வை 306-இல், ஈமச் சடங்குகள் 393-இல், நாவல்கள் வேறு எங்கோ. அலமாரிக்கு நடுவில் நின்றபடியே பத்துப் பக்கம் படித்துவிட்டு, யாராவது வந்தால் கைக்கு எட்டிய தட்டில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் அடுக்கும்போது தோட்டக்கலைக்கு நடுவில் ஒரு துக்கப் புத்தகம் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

ஊரே அதைக் கையில் வைத்திருக்கிறபோது அட்டையை மறைக்க வேண்டாம். பேருந்தில் விரித்துப் படித்தால், பக்கத்தில் இருப்பவர் "எத்தனாவது அத்தியாயம்?" என்றுதான் கேட்பார். "உங்க வீட்டில் யாராவது...?" என்று இழுக்க மாட்டார்.

சரி, அந்த மூக்குக்கண்ணாடிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை, ஏற்கனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் நாங்கள் எடுத்தது மனைவியை இழந்த ஒருவரைப் பற்றிய கதை. அதில் அவர் மறுவாரமே மனைவியின் துணிமணிகளை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, வெற்று அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். படித்த பாதிப் பேர் அந்த இடத்தில் கலங்கிப்போனார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, இவர்கள் என்னதான் உளறுகிறார்கள் பார்ப்போம் என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் திடீரென்று, "எழுதினவனுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றார். எல்லாரும் திரும்பினோம். "துணியெல்லாம் ஒரு விஷயமா? துணியைக் கொடுத்துவிடலாம், யாராவது கட்டிக்கொள்வார்கள். மூக்குக்கண்ணாடியை என்ன செய்வது? அதை யாரிடம் கொடுப்பது? அது அவளுடைய பவர். இன்னொருத்தர் கண்ணுக்குச் சேராது. குப்பையில் போடவா முடியும்? இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறானா அந்த ஆள்?"

அவர் குரல் உயர்ந்துவிட்டது. துக்கமாகப் பேசவில்லை, சண்டைக்கு நின்றார், அதுவும் அங்கே இல்லாத ஓர் எழுத்தாளரோடு. பதினைந்து நிமிடம் மூக்குக்கண்ணாடியைப் பற்றியே பேசினார், நாங்கள் யாரும் குறுக்கே போகவில்லை. அப்புறம் ஒரு கல்லூரி மாணவி, அதுவரை தலையைக் குனிந்திருந்தவள், "எங்க தாத்தா போனை நான் இன்னும் சார்ஜ் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். இன்னொருவர் கடவுச்சொல் தெரியாமல் பூட்டிக் கிடக்கிற ஒரு கணினியைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு நாங்கள் நூலகத்தைப் பூட்ட ராத்திரி ஒன்பதரை ஆயிற்று.

கவனியுங்கள், அவரிடம் யாரும் "உங்கள் மனைவி எப்போது இறந்தார்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஆச்சு ரெண்டு வருஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கையைக் கட்டியிருப்பார். கதையில் வருகிறவன் செய்தது தப்பு என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். தன் துக்கத்தைச் சொல்ல வேறொருவன் பெயர் தேவைப்படுகிறது, புத்தகம் அந்தப் பெயரை இரவல் தருகிறது. திரும்பத் திரும்ப நான் சொல்வது இது ஒன்றுதான்.

எழுதுகிறவர்களுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது. சி. எஸ். லூயிஸ், சிறுவர் கதைகளுக்குப் பெயர்போனவர், 1960-இல் மனைவியை இழந்தார். அந்த நாட்களில் நோட்டுப் புத்தகங்களில் கிறுக்கிவைத்தது அடுத்த வருடமே அச்சில் வந்தது. ஆனால் அட்டையில் இருந்த பெயர் என். டபிள்யூ. கிளார்க். உள்ளே மனைவிக்கும் ஓரெழுத்துதான், எச். 1963-இல் அவரும் இறந்த பிறகுதான் சொந்தப் பெயரில் பதிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில், துக்கத்தில் இருந்த அவரிடமே "இதைப் படித்துப் பாருங்கள், ஆறுதலாக இருக்கும்" என்று நண்பர்கள் அந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்ததாக ஒரு கதை உண்டு. நினைத்துப் பாருங்கள் அந்த மனிதரின் முகத்தை.

நமக்கும் இது புதிதில்லை. தலைவன் இறந்தபின் பாடுவதற்கு நம் பழைய இலக்கணத்தில் துறையே உண்டு, கையறுநிலை என்று பெயர். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கிற நிலை. புறநானூற்றில் அந்தத் துறையில் பாட்டுகள் இருக்கின்றன. இதைவிடச் சரியான ஒரு சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

இதை நடத்த நினைக்கிறவர்கள் நேயர்களில் இருக்கலாம், அவர்களுக்குச் சில விஷயங்கள். சின்னப் புத்தகமாக எடுங்கள், இருநூறு பக்கத்துக்குள். துக்கத்தில் இருப்பவருக்கு ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தாலும் மண்டையில் ஏறாது. அதே காரணத்துக்காகத் தாமதக் கட்டணத்தையும் அந்த இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். எப்படித் துக்கத்திலிருந்து மீள்வது என்று பத்துப் படி சொல்கிற புத்தகம் வேண்டாம், அதோடு யாரும் சண்டை போட முடியாது. அப்புறம், துக்கத்துக்கு என்று எல்லாரும் சொல்கிற அந்த ஐந்து நிலைகள். எலிசபெத் குப்ளர் ராஸ் என்கிற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. யாராவது ஒருவர் கட்டாயம் அதைக் கொண்டுவருவார், "எனக்கு இன்னும் கோபமே வரலையே, ஏதாவது கோளாறா?" என்று பயந்துபோய்க் கேட்பவரையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மையார் சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி எழுதியது அது. பின்னால் மிச்சமிருப்பவர்களுக்கு மாடிப்படி மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

இப்போது டிஷ்யூ பெட்டி. சிரிக்காதீர்கள், இதில் நான் ரொம்பக் கறார். வட்டத்துக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் டிஷ்யூ பெட்டியை வைக்கிற வழக்கம் இருக்கிறது. வைக்காதீர்கள். வந்து உட்கார்ந்ததும் அது "எப்போது அழப்போகிறாய்?" என்று கேட்கிறது. அழாதவருக்குக் குற்ற உணர்ச்சி, அழுகிறவர் எல்லார் முன்னாலும் எழுந்து நடுவுக்குப் போய் எடுக்க வேண்டும். கதவுப் பக்கம் வையுங்கள், அங்கே ஒரு காலி நாற்காலியும் இருக்கட்டும். வெளியே போய்விட்டுத் திரும்பி வருகிறவர் பழைய இடத்துக்கு எல்லாரையும் தாண்டிப் போக வேண்டாம். நூலகர் மனநல ஆலோசகர் கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது. அந்த அறையில் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்கட்டும், வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் கிடைத்தால் இன்னும் நல்லது, சாவைப் பற்றி அவர்கள் பேசுகிற விதமே வேறு.

முதல் கேள்வியாக "புத்தகம் பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரு பக்க எண் இருக்கும். எண்ணைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமில்லை. சொன்ன பிறகு ஒரு பத்து எண்ணுகிற வரை சும்மா இருங்கள். வானொலியில் அந்தப் பத்தை நான் எண்ணிக் காட்ட முடியாது, நிலையம் கோளாறு என்று நினைத்து நீங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். குழந்தைகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். பெரியவர்கள் புத்தகத்தோடு குழந்தைகளுக்கும் ஒரு படக்கதை வையுங்கள், இல்லையென்றால் வீட்டில் எல்லாரும் எதையோ மறைத்துப் படிக்கிறார்கள் என்று அவை நினைக்கும். "பாட்டி தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள், தூங்கப் பயப்படுகிற குழந்தையைப் பார்த்திருக்கிறேன். "இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, திரும்பி வர மாட்டார்." இதைச் சொல்லலாம். பெரியவர்களுக்குத்தான் தவறிவிட்டார், காலமாகிவிட்டார், போய்ச் சேர்ந்துவிட்டார் என்று இத்தனை வார்த்தை வேண்டியிருக்கிறது. லண்டனில் 2011-இல் ஜான் அண்டர்வுட் தொடங்கிய 'டெத் கஃபே', சாவைப் பற்றிப் பேசவே கூடுகிற தேநீர்க் கூட்டம், அதைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், அது போகட்டும், நேரமில்லை.

ஒரு விரல்.

அந்தப் பெரியவரைப் பாதியில் விட்டுவிட்டேன். கடைசி வாரம் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. படிக்க வேண்டிய அம்மா கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் நீட்டினார். அந்த அம்மா போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார், கழற்றி முந்தானையில் துடைத்து, "பவர் கொஞ்சம் கூட" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி, வணக்கம்.