வள்ளிக்குப் பின்னால் பனிமலையா?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ இல்லை, நாடகம். சாப்பாடும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர்க் கலைமன்றத்தில் நேற்று ‘வள்ளி திருமணம்’ போட்டார்கள். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

மேடையில் எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். தினைப்புனம் காக்கும் வள்ளி பரண்மேல் நின்று, பறவைகளை விரட்டக் கவண் சுற்றி ஆலோலம் பாடுகிறாள். பின்னால் என்ன தெரிகிறது? பனி மூடிய மலை! ஊசியிலை மரங்கள்! ஓரத்தில் ஒரு மரவீடு, அதன் புகைபோக்கியில் புகை வேறு. அங்கே தினை விளையுமா? மன்றத்து வாசலில் நின்றாலே வேளிமலை தெரியும் மக்களே. முருகன் வள்ளியைக் கண்டதும் கைப்பிடித்ததும் அந்த மலையில்தான் என்று அடிவாரத்திலுள்ள குமாரகோவிலில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். பங்குனித் திருக்கல்யாணத்தின்போது, பெண்ணைக் கொண்டுபோன முருகனோடு குறவர்கள் சண்டைக்கு நிற்கும் ‘குறவர் படுகளம்’ அங்கே இன்றும் நடக்கிறது. அந்த மலையை யாராவது செல்பேசியில் ஒரு படம் எடுத்துத் திரையில் போட்டிருக்கக் கூடாதா? காலணா செலவில்லை. அந்தக் காலத்தில் மேடைக்குப் பின்னால் தொங்கவிட்ட ஓவியத் திரைகள், அதாவது படுதாக்களைப் பற்றி நான் போட்ட வீடியோவைப் பார்த்தவர்களுக்கு என் கோபம் புரியும்.

சரி, டிக்கெட். 100 ரூபாய், நியாயமான விலை. உள்ளே போனால் நாற்காலிக்குத் தனியாக 20 ரூபாயாம். டிக்கெட் வாங்கியவர்கள் என்ன, நின்றுகொண்டா பார்ப்பார்கள்? கேட்டேன். “ஜமுக்காளம் சும்மாதான் அக்கா” என்றான் வாசலில் நின்ற பையன். என்னைத் தெரியுமே உங்களுக்கு. நேராகப் போய் ஜமுக்காளத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். ஆர்மோனியம் கைக்கெட்டும் தூரம்! நாற்காலிக்காரர்களுக்கு முன்னால் இருந்தவர்களின் தலைதான் தெரிந்தது. மிச்சமான 20 ரூபாய்க்கு இரண்டு ரசவடை. ரசம் சூடாக இருந்தது, வடை நன்றாக ஊறியிருந்தது, மிளகு மட்டும் கொஞ்சம் குறைவு.

ஆர்மோனியக்காரரைப் பற்றி நான் ஒரு தனி வீடியோவே போடலாம். இடது கை துருத்தியை அசைத்துக்கொண்டிருக்கிறது, கண்கள் நடிகர் வாயை விட்டு நகரவில்லை. முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கும் இடத்தில் அந்த நடிகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேலே போக முடியவில்லை. ஆர்மோனியக்காரர் பாட்டை நிறுத்தவில்லை. “தாத்தாவுக்கு மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் தண்ணீர் கொடு பெண்ணே” என்று வள்ளியைப் பார்த்துச் சொன்னார். சபை சிரித்து முடிப்பதற்குள் அவர் விரல்கள் சுருதியில் அரைக் கட்டை கீழே இறங்கிவிட்டன. அடுத்த வரியைக் கிழவன் கணீரென்று எடுத்தார்! பதிவு செய்த இசையை ஓடவிட்டு வாயசைக்கிறவர்கள் இதை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

சொல்ல மறந்துவிட்டேன், நடித்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். வள்ளியின் அப்பா நம்பிராஜனாக வந்தவர் ரப்பர் பால் வெட்டுகிறவர், விடியுமுன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். பபூனாக வந்த பையனுக்கு என் ஓட்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த மாவட்டம், பபூன் சோடை போனால் எப்படி? கலைவாணர் வில்லுப்பாட்டில் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். அந்தச் சகோதரர்கள், இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளிடமே சின்ன வயதில் பாடம் கேட்டவர்கள்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். தர்க்கத்தை வெட்டிவிட்டார்கள்! நாரதரும் வள்ளியும் வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கட்டும் இடம்தானே இந்த நாடகத்தின் உயிர்? அதில் பாதிக்கு எழுத்தே கிடையாது, அந்த நேரத்தில் நாக்கில் வருவதுதான். நேற்றைய வள்ளி கெட்டிக்காரி, நாரதரை மூன்று கேள்வியில் மடக்கினாள். அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒருவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

காரணம் புரிகிறது. முன்பெல்லாம் இரவு பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியும்வரை நடக்கும். இப்போது பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். திருவிழா நாட்களில் சிறப்பு அனுமதி கிடைத்தால் நள்ளிரவு வரை. சட்டத்தில் எனக்குச் சண்டை இல்லை, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கும். ஆனால் ஏழு மணிக்குத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டு, பொன்னாடை போர்த்துவதற்கே முக்கால் மணிநேரம் எடுத்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் வள்ளியைப் பயமுறுத்த வரும் யானை ஓட்டமாக வந்து ஓட்டமாகப் போனது. கல்யாணம் அதைவிட வேகம், தாலி கட்டியதை நான் பார்க்கவே இல்லை.

மன்றத்து அண்ணாச்சிமார்களே, பொன்னாடையை ஒப்பனை அறையிலேயே போர்த்திவிடுங்கள். அந்த முக்கால் மணிநேரத்தையும் வள்ளிக்குக் கொடுங்கள், நாரதர் பாடு அவர் பாடு.