மூச்சு இரைத்தால் கால்களையும் பாருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் நுரையீரல் மருத்துவர். நான் மறக்க முடியாத ஒரு ஜோடிக் கொலுசைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்கால மாலையில், அறுபது வயது கடந்த ஓர் அம்மாவை அவருடைய மகன் அழைத்துவந்தார். முப்பது வருடமாக விறகடுப்பில் இட்லி அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் அடுப்புப் புகை அத்தனை வருடமும் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவருக்கு வந்தது அப்படித்தான்.

"வழக்கமா வர்ற வீசிங்தான் டாக்டர், இந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் மகன். வரும் வழியில் ஓரிடத்தில் மூன்று முறை நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். இரைப்பு அடங்கவில்லை. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டேன். அவர் மூச்சு வாங்கிய வேகத்துக்கு உள்ளே விசில் சத்தம் குறைவாக இருந்தது. காய்ச்சல் இல்லை, சளியின் நிறமும் மாறவில்லை. கணக்கு எங்கோ இடித்தது. சேலையின் ஓரம் விலகியபோதுதான் கவனித்தேன். வலது கால் கொலுசு கணுக்காலில் தளர்ந்து கிடந்தது. இடது கால் கொலுசு சதைக்குள் புதைந்து, சுற்றிலும் தோல் பளபளவென்று இருந்தது.

"அந்தக் கால் பத்து நாளா வலிக்குதுன்னாங்க. தைலம் போட்டு உருவி விட்டோம்" என்றார் மகன். ஸ்கேனில் இரண்டு பக்க நுரையீரல் தமனிகளிலும் உறைந்த ரத்தம் அடைத்திருந்தது.

காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? உடம்பெல்லாம் சுற்றிவந்த ரத்தம் இதயத்தின் வலது பக்கம் சேர்ந்து, அங்கிருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. காலின் ஆழத்தில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பினால், பெரிய குழாய்கள் வழியாகத் தடையில்லாமல் மேலே வந்துவிடும். குழாய்கள் சிறுத்துக்கொண்டே போகும் முதல் இடம் நுரையீரல். அங்கே போய் மாட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பயணத்தைக் கண்டு விளக்கியவர் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர்.

ரத்த ஓட்டம் தேங்கினாலும், குழாயின் உட்சுவர் பழுதுபட்டாலும், ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறினாலும் உறைகட்டி வரும். என் நோயாளிகளிடம் இந்த மூன்றும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. நடந்தால் இரைக்கிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். கெண்டைக்கால் தசைதான் காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. அது நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது. புகையும் ஓயாத அழற்சியும் குழாய்ச் சுவரைக் கெடுக்கின்றன. பல வருடம் ஆக்ஸிஜன் குறைவாகவே கிடைத்தால், சிறுநீரகம் எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பிச் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கச் சொல்லும். 100 பங்கு ரத்தத்தில் சுமார் 45 பங்கு இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் 55-ஐத் தாண்டிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ரத்தம் ஊசியில் ஏறும்போதே கெட்டியாகத் தெரியும்.

பிரான்ஸில் ஓர் ஆய்வு நடத்தி 2021இல் வெளியிட்டார்கள். மூச்சுத்திணறல் திடீரென்று கூடி மருத்துவமனையில் சேர்ந்த 740 சி.ஓ.பி.டி. நோயாளிகளைத் தேடிப் பார்த்ததில், 44 பேருக்கு நுரையீரலில் உறைகட்டி இருந்தது. அதாவது 100க்கு ஏறக்குறைய 6 பேர். அப்படியானால் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஸ்பெயினில் அதையும் சோதித்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் வலிந்து தேடியதால் சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. என் கருத்தும் அதுதான். எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டாம், சந்தேகம் எல்லோருக்கும் வேண்டும்.

அந்தச் சந்தேகத்தை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். வழக்கமான வீசிங் பெரும்பாலும் சளி, இருமல், காய்ச்சலோடு நாலைந்து நாளாக ஏறிவரும். உறைகட்டி பல நேரம் திடுமென்று தாக்கும். மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்தும், தலைசுற்றி மயங்கி விழலாம், எச்சிலில் ரத்தம் வரலாம். இன்ஹேலர் எத்தனை முறை அடித்தாலும் அசையாது. கால் வீக்கம் என்று சொன்னால் மட்டும் போதாது. நாள்பட்ட நுரையீரல் நோயில் இதயம் களைத்து இரண்டு கால்களும் வீங்குவது உண்டு. ஒரு கால் மட்டும் வீங்குவதுதான் பயம். தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி இரண்டு கால்களின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சும் திணறினால் தாமதமே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். அந்தக் காலைத் தயவுசெய்து உருவ வேண்டாம். அன்போடு செய்கிற காரியம்தான், ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் கட்டி அதனால் பிய்ந்துவிடக்கூடும்.

அந்த அம்மாவுக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டோம், பிறகு அதே வேலைக்கு வார்ஃபரின் மாத்திரை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அதற்குக் காரணம் தேடிப்போன வழியில் பிறந்த மருந்துதான் வார்ஃபரின். வீரியமான மருந்து என்பதால் ரத்தப் பரிசோதனையில், ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்வோம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் இந்தக் கணக்கைக் குலைத்து ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக வார்ஃபரினின் வேலையையே மழுங்கடித்துவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அடிக்கடி பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளும் இப்போது உண்டு. எந்த மாத்திரையானாலும் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். மூச்சு சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் கட்டி திரும்ப வரலாம்.

அந்த அம்மா ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். வீட்டில் விறகடுப்பு போய் கேஸ் வந்தது. காலையும் மாலையும் வாசலுக்கும் கொல்லைக்குமாக, நின்று நின்று நடக்கிறார். இப்போதும் என் அறைக்கு வந்தால், உட்கார்ந்ததும் இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டி, சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கொலுசைக் காட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.

நன்றி, வணக்கம்.