பகைக்கு ஒரு காரணம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியைக் களமாகக் கொண்ட காதல் நாவல்களை, அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டுப் படிக்கும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே சிலர் இருப்பீர்கள். அந்த உறையைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லவே வந்திருக்கிறேன். பகையில் தொடங்கிக் காதலில் முடியும் இந்தக் கதைகளில் நல்லவையும் உண்டு, மட்டமானவையும் உண்டு. பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவர்கள் ஏன் பகைத்தார்கள்?

அவன் திமிர் பிடித்தவன், அவள் வாயாடி, முதல் அத்தியாயத்தில் அவள் மேல் காப்பியைக் கொட்டிவிட்டான், ஆகவே ஜென்மப் பகை என்று தொடங்கும் புத்தகம் ஐம்பதாவது பக்கத்திலேயே மூச்சு வாங்கும். பகைக்கு வலுவான காரணம் வேண்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பகைக்கு ஐஸ் தளம் மிகப் பொருத்தமான இடம்.

எப்படி என்கிறீர்களா? வழக்கமான அமெரிக்க ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஆண்கள் அணி, பெண்கள் அணி, ஐஸில் சுழன்று தாவும் ஃபிகர் ஸ்கேட்டிங் பயில்பவர்கள் என்று பலரும் அந்த ஒரே தளத்தை நேரம் பிரித்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஹாக்கி ஆடுபவனுக்கு ஐஸ் நன்றாகக் குளிர்ந்து இறுகியிருக்க வேண்டும். அப்போதுதான் பக் என்ற ரப்பர் வட்டு வழுக்கிக்கொண்டு பறக்கும். ஃபிகர் ஸ்கேட்டிங் செய்பவளுக்கோ அதே ஐஸ் சற்று இளகியிருக்க வேண்டும். காலணித் தகட்டின் விளிம்பு கடித்துப் பிடிக்க வேண்டுமே! அவள் தகட்டின் முனையில் பற்கள் உண்டு. அவை குத்தி எழும்பிய இடமெல்லாம் குழி விழும். அந்தக் குழியில் பட்டுப் பக் துள்ளினால் அவனுக்கு எரிச்சல். அவன் அணி கீறிப்போட்டுவிட்டுப் போன தளத்தில் அவளால் சுழல முடியாது. ஸாம்போனி வண்டி வந்து மேற்பரப்பைச் சீவி, வெந்நீர் பரப்பி, அது உறையும்வரை கழிவது அவளுடைய பயிற்சி நேரம். இருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒரே ஐஸ் இருவருக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது, அவ்வளவுதான். இதை அறிந்த எழுத்தாளர் சண்டைக்காகக் காப்பியைக் கொட்டத் தேவையில்லை.

இந்தப் பகை இருவரையும் ஒருவரையொருவர் பார்க்க வைக்கிறது. வெறுப்பவரைப் போல நம்மைக் கூர்ந்து கவனிப்பவர் யார்? விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தன் முறைக்காகத் தடுப்புக்கு வெளியே நிற்பவன், அவள் நேரத்தை மீறுகிறாளா என்று கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஒரே தாவலில் திரும்பத் திரும்ப விழுகிறாள். இடுப்பில் கைவைத்து நின்று, உதட்டைக் கடித்து, மீண்டும் அதே மூலையிலிருந்து தொடங்குகிறாள். குறை தேடிப் பார்க்கத் தொடங்கியவனுக்கு, அவள் எந்தக் காலைக் காப்பாற்றி இறங்குகிறாள் என்பது பயிற்சியாளருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. நல்ல நாவலில் காதல் இங்கேதான் பிறக்கிறது. முத்தம் எத்தனையோ அத்தியாயம் தள்ளி வரட்டும், எனக்கு அவசரமில்லை.

இனிக் கல்லூரிகளுக்கு இடையிலான பகையைப் பாருங்கள். பாஸ்டன் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் ஹாக்கியில் பரம வைரிகள். இரண்டும் இருப்பது காமன்வெல்த் அவென்யூ என்ற ஒரே சாலையில், ஒரே டிராம் தடத்தில். இவ்விரண்டும் ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகங்களும் மோதும் பீன்பாட் போட்டி 1952இல் தொடங்கியது. ஆண்கள் போட்டி பிப்ரவரியில் அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமைகளில் நடப்பது வழக்கம். எதிரணிச் சட்டை அணிந்தவளோடு ஒரே டிராமில் ஏறி, நாலு பேர் பார்க்க அவள் பக்கத்தில் உட்காருவதற்கு அங்கே ஒரு துணிச்சல் வேண்டும். நம் வாசகர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

நம் அகத்திணை மரபில் மருதத்துக்குரிய ஊடலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊடல், அன்பு உறுதியானபின் வரும் கோபம். தலைவி கதவடைத்தாலும் பாணனையோ தோழியையோ தூதாக அனுப்பித் தலைவன் இறைஞ்ச முடியும். பகையில் தொடங்கும் கதையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தூது அனுப்ப வழியில்லை. அவனே வந்து நிற்க வேண்டும்.

வந்து நின்று என்ன செய்கிறான் என்பதில்தான் மட்டமான புத்தகங்கள் தோற்கின்றன. அவளைப் பலர் முன் அவமானப்படுத்திவிட்டு, "அவ்வளவு பிடித்திருந்தது, அதனால்தான்" என்று பிற்பாடு விளக்கம் சொல்லும் நாயகனை நான் ஏற்பதில்லை. அதைப் படித்து உருகும் தங்கைகளிடம் கெஞ்சியே கேட்கிறேன், நீங்களும் ஏற்காதீர்கள். ஹாக்கியில் சிறு தவறுக்கு 2 நிமிடம் பெனால்ட்டி பாக்ஸ். தவறு செய்தவன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். ஓராள் குறைவாக நின்று மூச்சுத் திணற ஆடுவது அவன் தோழர்கள். தன் கோபத்துக்கு மற்றவர்கள் விலை கொடுப்பதை அவன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மன்னிப்பு கேட்கத் தகுதியான மனம் உருவாகும் இடம் அது. நாயகிக்காகக் களத்தில் ஒருவனைக் குத்தி வீழ்த்திவிட்டு மறுநாள் ஜம்மென்று ஆட வரும் நாயகர்களும் உண்டு. கல்லூரி ஹாக்கி விதிப்படி அப்படிச் சண்டை போட்டால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. அந்தத் தடையை எழுத மறந்தவர், வீரத்தைக் காட்டி அதன் விலையை மறைக்கிறார்.

கடைசியாக ஒன்று. ஆண்கள் கல்லூரி ஹாக்கிப் பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பல வீரர்களைத் தொழில்முறைப் போட்டியான தேசிய ஹாக்கி லீக்கின் அணிகள் 18 வயதிலேயே தேர்வு செய்து, ஒப்பந்தம் செய்யும் உரிமையை வைத்துக்கொள்கின்றன. படிப்பு முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஒரு நாள் அழைப்பு வரும். கதைக்கு இயல்பாகவே ஒரு கெடு கிடைத்துவிடுகிறது. அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான், அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போகிறாள், சுபம். பல நாவல்கள் இப்படித்தான் முடிகின்றன. எனக்கு இது பிடிக்கவில்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தேசிய சாம்பியன் போட்டி ஆண்கள் கல்லூரி ஹாக்கிக்கு வந்தது 1948இல். பெண்களுக்கு அதே அமைப்பு அப்படியொரு போட்டி நடத்த 2001 ஆயிற்று. அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த களத்தில் ஆடுகிறவள் நாயகி என்றால், அவள் இறுதிப் போட்டி நடக்கும் நாளில் அவன் எங்கே இருந்தான் என்று எழுதியிருக்க வேண்டும். நான் கடைசி அத்தியாயத்தில் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.