ஒரே தோட்டா, இரண்டு துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம். தோட்டாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் என் மனைவி, "வீட்டில் பேசுவது போதாதா, வானொலியிலுமா?" என்றாள். போதாது என்றுதான் வந்திருக்கிறேன்.

நான் அமெரிக்காவில் வசிப்பவன். சுட்டுத் தீர்த்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, பழைய அளவுக்கு அழுத்தி, தீப்பொறி தரும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்து இட்டு, குண்டை உட்கார்த்தி மறுபடி பயன்படுத்துவது அங்கே சட்டத்துக்கு உட்பட்ட ஒரு பொழுதுபோக்கு. அதிலும் எனக்குப் பிடித்தது, ரிவால்வருக்கென்று பிறந்த, மேக்னம் என்கிற அதிக அழுத்தத் தோட்டாவைக் கார்பைன் என்கிற குட்டை ரைபிளுக்காக நிரப்புவது. மருந்து எத்தனை என்று மட்டும் இன்று சொல்ல மாட்டேன். நான் பதினாறு என்று சொன்னது கரகரப்பில் உங்கள் காதில் பதினெட்டு என்று விழுந்தால் கதை கந்தலாகிவிடும். அதைச் சோதித்து அச்சிட்ட கையேட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துப்பாக்கிக்கு?

இந்தக் கேள்வியே எழாத காலம் ஒன்று இருந்தது. 1873-இல் வின்செஸ்டர் நிறுவனம் ஒரு லீவர் ரைபிளை, அதாவது அடியில் உள்ள நெம்புகோலை இறக்கித் தூக்கித் தோட்டா ஏற்றுகிற ரைபிளைக் கொண்டுவந்தது. கூடவே அதற்கென்று ஒரு தோட்டா, பெயர் 44-40. முதல் எண் குண்டின் குறுக்களவு, அங்குலத்தில் நூற்றில் 44 பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண் கரிமருந்தின் எடை, 40 கிரெய்ன். கிரெய்ன் என்றால் தானிய மணி. நம்மவர்கள் பொன் நிறுக்கக் குன்றிமணி வைத்திருந்த மாதிரி, அவர்களுக்கு ஒரு பார்லி மணி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 65 மில்லிகிராம். துப்பாக்கி உலகம் இன்னும் இந்த மணியை விடவில்லை, என் மேசைத் தராசும் கிரெய்னில்தான் பேசுகிறது.

சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனமும் தன் ரிவால்வரை இதே தோட்டாவுக்குச் செய்து விற்றது. மேற்கே போன ஆளுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். இடுப்பு வாரில் ஒரே வகைத் தோட்டா, அது கையில் இருப்பதற்கும் போகும், சேணத்தில் செருகியிருப்பதற்கும் போகும். கரிமருந்தில் தேர்ந்தெடுக்கவும் அதிகம் இல்லை. கூட்டை நிறைத்தால் தீர்ந்தது வேலை.

அப்புறம் புகையில்லா மருந்து வந்தது. அதை எந்த வேகத்தில் எரிய வேண்டுமோ அந்த வேகத்துக்குச் செய்யலாம், கொஞ்சம் இட்டாலே கரிமருந்தைவிட அதிக அழுத்தம் தரும். 1892-இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த ரைபிள் முந்தையதைவிட உறுதியானது. அதற்காகவே 1900-களின் தொடக்கத்தில் அதே 44-40-ஐ வேகம் கூட்டி விற்றார்கள். வெளியே பார்த்தால் அச்சு அசல் பழைய தோட்டாதான், பழைய ரிவால்வரிலும் சிக்கலில்லாமல் நுழையும். பெட்டியில் எழுதிய எச்சரிக்கை ஒன்றுதான் தடுப்பு. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோட்டாவை வாரில் செருகிவிட்டால்? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற கதை அங்கேயே முடிந்தது என்பது என் கட்சி.

அதனால்தான் 1935-இல் வந்த .357 மேக்னத்தை நான் மெச்சுகிறேன். மேக்னம் என்பது பெரிய ஒயின் பாட்டிலின் பெயர், சாதாரண பாட்டில் இரண்டின் கொள்ளளவு. இந்தத் தோட்டா பழைய .38 ஸ்பெஷலின் வாரிசு, அதே பருமன், ஆனால் உள்ளே அழுத்தம் மிக அதிகம். பழைய ரிவால்வரில் போய்விடக் கூடாதே, என்ன செய்தார்கள்? கூட்டை 3 மில்லிமீட்டர் சொச்சம் நீட்டிவிட்டார்கள். இப்போது அது .38 ரிவால்வரின் உருளைக்குள், அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழலும் பகுதிக்குள், முழுதாக இறங்காது, கதவு சாத்தாது. எழுதி ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்காமல் இருக்கலாம், இறங்காத தோட்டாவை என்ன செய்ய முடியும்? 1955 கடைசியில் .44 மேக்னம் வந்தபோதும் .44 ஸ்பெஷலின் கூட்டை நீட்டி இதே உபாயத்தைத்தான் செய்தார்கள்.

சரி, ரிவால்வர் தோட்டாவைக் கார்பைனில் போட்டால் என்ன லாபம்? நின்றுபோன காரைத் தள்ளியிருப்பீர்கள். நாலு அடி தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் ஒரு வேகம், பதினெட்டு அடி விடாமல் தள்ளினால் வேறு வேகம். குழலுக்குள் குண்டைத் தள்ளுவது வாயு. 4 அங்குலக் குழலில் அது நாலு அடி தள்ளுகிற ஆள், 18 அங்குலத்தில் பதினெட்டு அடி தள்ளுகிற ஆள். வழக்கமான எடையுள்ள .357 குண்டு ரிவால்வரில் நொடிக்கு 375 மீட்டர் வாக்கில் போனால், கார்பைனில் 500 மீட்டரைத் தாண்டிவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கம் அல்லவா, ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வழியாகக் கொஞ்சம் வாயு வீணாகும், கார்பைனில் அந்தக் கசிவும் கிடையாது.

ஆனால் தள்ளுகிற ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்க்க வேண்டும். ஒரே மூச்சில் முட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுகிறவன் என்றால் பாதை நீளமாக இருந்து பயனில்லை. வேகமாக எரியும் மருந்து அந்த ரகம். மெதுவாக எரியும் மருந்து நிதானமாக, விடாமல் தள்ளும். அதையே குட்டை ரிவால்வரில் போட்டால் குழல் வாயில் பெரிய தீப்பந்துதான் தெரியும், தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்க வேண்டும், எந்தத் துப்பாக்கிக்கு?

இதை நான் கற்ற விதம் கொஞ்சம் அவமானமானது. ஆரம்ப காலத்தில் நீள மூக்குள்ள ஈயக் குண்டு ஒன்றில் எனக்கு மோகம். ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்து நூறு தோட்டா கட்டினேன். என் ரிவால்வரின் உருளை கொஞ்சம் நீளமானது, அத்தனையையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது. மறுநாள் பயிற்சித் தளத்தில் கார்பைனை நிரப்பினேன். முதல் தோட்டாவை ஏற்ற லீவரைக் கீழே இறக்கி, மேலே தூக்கினேன். பாதியில் நின்றது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. பலம் காட்டினேன், இன்னும் இறுகியது. கார்பைனில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள ஒரு குழாயில் இருக்கும், அங்கிருந்து பின்னால் வரும் தோட்டாவைத் தூக்குத் தட்டு மேலே ஏற்றும். உள்ளே எட்டிப் பார்த்தால் தோட்டாவின் பின்பக்கம் தூக்குத் தட்டின் முனையில் முட்டிக்கொண்டு நிற்க, மூக்கு இன்னும் குழாய்க்குள் மாட்டியிருக்கிறது.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். குழல் வாய் மேட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும் என்று முதலில் சொன்னார். லீவரிலிருந்து என் கையை எடுக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து மெல்லிய மரக்குச்சி ஒன்றை எடுத்து, தோட்டாவின் பின்விளிம்பை நிதானமாகக் குழாய்க்குள்ளேயே தள்ளினார். லீவர் தானாக விடுபட்டது. அப்புறம் மீதித் தோட்டாவில் ஒன்றை வாங்கி அளவுகோலால் பிடித்துப் பார்த்தார். .357 தோட்டா முழு நீளத்தில் 40.4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. என்னுடையது அதைவிட 1 மில்லிமீட்டர் அதிகம். "ரிவால்வருக்குத் தைத்த சட்டையை இவனுக்கு மாட்டப் பார்க்கிறாய்" என்றார். அந்த மரக்குச்சியை எனக்கே கொடுத்துவிட்டார். இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. இப்போதெல்லாம் புதுக் குண்டு என்றால் மருந்தும் பிரைமரும் இல்லாமல் இரண்டு மூன்று வெற்றுத் தோட்டா செய்து, லீவரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மருந்து டப்பாவைத் திறக்கிறேன்.

நீளம் என்றதும் இன்னொன்று. கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் மடக்கி இறுக்குவதைக் கிரிம்ப் என்போம். ரிவால்வரில் ஒவ்வொரு வேட்டுக்கும் துப்பாக்கி பின்னால் துள்ளும், மிச்சத் தோட்டாக்களின் கூடும் அதோடு பின்னால் போகும், குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பேருந்து திடீரென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்வோமே, அதே சமாசாரம். குண்டு மெல்ல முன்னால் நழுவி, மூக்கு நீட்டி, உருளையைச் சுழலவிடாமல் செய்துவிடும். கார்பைனில் நேர் எதிர். அங்கே தோட்டாக்கள் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன, ஸ்பிரிங் ஒரு பக்கம் அழுத்துகிறது, துள்ளல் ஒரு பக்கம் மோதுகிறது. குண்டு கூட்டுக்குள்ளே அமுங்கப் பார்க்கும். அமுங்கினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். ஒன்றில் வெளியே இழுபடுகிறது, மற்றதில் உள்ளே தள்ளப்படுகிறது. ஒரே மடிப்பு இரண்டையும் தாங்க வேண்டும். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் கூட்டின் வாய் சீக்கிரம் பிளந்துபோகும், நூற்றுக்குப் பத்தாவது என் குப்பைக்கூடையில் அப்படித்தான் விழுகிறது.

வரிசையில் நிற்கின்றன என்றேன் அல்லவா, ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமர்மேல் படுகிறது. அதனால் கூர்மூக்குக் குண்டு குழாயில் கூடவே கூடாது. தட்டை மூக்குதான். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

மருந்து இட்ட கூடுகளை ஒரே பலகையில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் விளக்கடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பாருங்கள். இரட்டை மருந்து விழுந்தது, மருந்தே விழாதது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நான் அந்த நேரத்தில் பாட்டுக்கூடக் கேட்பதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைச் சுழற்றுகிறார்கள். இரண்டு விஷயம் பாக்கி, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ரிவால்வர் வேகத்துக்கென்று செய்த மென்மூக்குக் குண்டு கார்பைன் வேகத்தில் இலக்கின் உள்ளே ஆழமாகப் போகுமுன் சிதறிவிடலாம், கெட்டியானதாகத் தேடுங்கள். அடுத்தது குழலின் உள்முறுக்கு, குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகள். .44 மேக்னம் கார்பைன்களில் பலகாலம் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான், ரிவால்வரில் 20 அங்குலத்துக்கே ஒரு சுற்று. ரொம்பக் கனமான, நீளமான குண்டு கார்பைனில் போதிய சுழற்சி கிடைக்காமல் தள்ளாடும். அதற்கு என்ன வழி என்றால்... இல்லை, விளக்கை அணைத்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.