மூன்றாவது டிராயர் திறந்துவிட்டது! | மழைக்குப் பிறகு படுக்கையறை முழுச் சுத்தம்

வணக்கம் எல்லோருக்கும். இன்றைக்குக் காபி, மாடித் தோட்டம் எதுவும் முதலில் கிடையாது. நேராகப் படுக்கையறைக்குள் வாருங்கள். துணி அலமாரிக்குக் கிட்டே கேமராவை வைக்கிறேன். மூன்றாவது டிராயர். இழுக்கிறேன், பாருங்கள்... வந்துவிட்டது! முழுதாக வந்துவிட்டது! மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். நேற்று மத்தியானத்திலிருந்து போகும்போதும் வரும்போதும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பழைய ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். போன வருட போகி வீடியோ, பாப்பாவின் சீருடை அடுக்கும் வீடியோ, எதை எடுத்தாலும் இந்த டிராயர் நான்கு விரல் அகலம் திறந்து அப்படியே நின்றுவிடும். உள்ளே கலகலவென்று ஒரு சத்தம் வேறு. "அக்கா, அது என்ன சத்தம்?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். தையல் மெஷின் எண்ணெய் விடச் சொன்னீர்கள், விட்டேன். மெழுகுவத்தி தேய்க்கச் சொன்னீர்கள், தேய்த்தேன். அசையவில்லை. அதை வெளியே எடுத்த கதைக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு வாடையில்.

கார்த்திகை மழை ஓய்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து நாலு நாள் ஆகியும் அறைக்குள் ஈரச் சாக்கு வாடை போகவில்லை. ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டின் வடகிழக்குச் சுவர்தான் மழையை முழுதாக வாங்கும். அந்தச் சுவரை ஒட்டித்தான் இரும்பு பீரோ. அதன் கால்களுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துக் கொடுத்து, நானும் அவரும் பிடித்து இழுத்தோம். பின்னால் பார்த்தால் முழங்கால் உயரத்திலிருந்து தோள் உயரம் வரை பூசணம். கருப்பும் பச்சையுமாகப் பொட்டுப் பொட்டாக. விரல் பட்டால் மாவு மாதிரி ஒட்டுகிறது. அந்தச் சுவருக்கு ஓர் அடி தள்ளித்தான் பாப்பா தலை வைத்துப் படுக்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் குட்டிக் கருவி ஒன்று 349 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அன்று அது 81 சதவீதம் காட்டியது. வீட்டுக்குள் 60-க்குக் கீழே இருப்பது நல்லது. 70-க்கு மேலே ஏறி நாள்கணக்கில் அப்படியே நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். அதிலும் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் காற்றே போகாத இண்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டுதான் கையை வைத்தேன். பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டவே தட்டாதீர்கள். தூள் பறந்து அறை முழுக்கப் பரவும். முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தேன். அப்புறம் வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து ஒரு மணி நேரம் விட்டு, துடைத்து, டேபிள் ஃபேனை அந்தச் சுவரைப் பார்த்து வைத்து இரண்டு நாள் ஓடவிட்டேன். இங்கே ஒன்று, தயவுசெய்து கவனியுங்கள். வினிகர் தெளித்த இடத்தில் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ சேர்க்காதீர்கள். கழிவறை கழுவும் ஆசிடோடும் பிளீச் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நெஞ்சை அடைத்து ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

சிலர் பூசணத்தின் மேலேயே பெயின்ட் அடித்து மறைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஈரம் வரும் வழி அப்படியே இருந்தால் அடுத்த ஐப்பசியில் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும். எங்கள் வெளிச்சுவரில் ஜன்னல் மேல்தளத்துக்குக் கீழே ஒரு விரிசல் இருக்கிறது. பொங்கல் கழித்துக் கொத்தனார் வருகிறார். அதுவரை பீரோ சுவரிலிருந்து அரை அடி தள்ளியே நிற்கும். அறை கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, பரவாயில்லை.

பீரோவைக் காலி செய்தபோது அத்தை போட்டுவைத்த அந்துருண்டைகள் பதினெட்டு கிடைத்தன. அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். அந்துருண்டை நாளுக்கு நாள் சிறுத்துக் காணாமல் போகிறதே, அது எங்கே போகிறது? அப்படியே ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. படுக்கையறை என்றால் இரவு முழுக்க நாம்தான் அதை மூச்சில் இழுக்கிறோம். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அந்துருண்டை பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து தனி. அதற்குப் பதிலாக வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வசம்பை மட்டும் நம்பியும் உட்கார்ந்துவிடக் கூடாது. துணிகளை எடுத்து உதறிக் காற்றாட விட்டால்தான் பூச்சி அண்டாது. பட்டுப் புடவைகளையும் பிரித்து, பழைய மடிப்பு விழாதபடி மாற்றி மடித்தேன். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறியும்.

ஒரு வருத்தமான விஷயம். என் பச்சைச் சுங்குடி போய்விட்டது. மதுரையில் புதுமண்டபம் பக்கம் வாங்கினேனே, அதேதான். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். மடிப்போரமாக அரித்திருக்கிறது. வெள்ளிப்பூச்சி வேலை, சிலர் ராமபாணம் என்பார்கள். அதற்கு மாவுச்சத்து என்றால் உயிர். அதனால் ரொம்ப நாள் உள்ளே வைக்கப்போகும் பருத்திப் புடவையைக் கஞ்சியில்லாமல் அலசி வையுங்கள். கட்டுவதற்கு முந்தின நாள் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.

சரி, டிராயருக்கு வருகிறேன்.

புரட்டாசியில் ஜன்னல் கொக்கி மாட்ட வந்த ஆசாரி இந்த டிராயரை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டதும், "சேனல்ல இருக்கிற குண்டெல்லாம் உதிர்ந்துபோச்சும்மா, அதுதான் உருளுது. நாலு டிராயருக்கும் சேர்த்தே மாத்திடலாம்" என்றார். சேனல் என்றால் டிராயர் ஓடுகிற இரும்புத் தண்டவாளம், அதற்குள் குட்டிக் குண்டுகள் உருளும். கூலியோடு 3,200 ரூபாய். வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். நான்தான் பொங்கல் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். 3,200 ரூபாய்! நல்ல பருத்தி மெத்தைவிரிப்புகள் வாங்கலாம் அந்தப் பணத்தில்.

நேற்று இரண்டாவது டிராயரைத் துடைக்கும்போது டார்ச் வெளிச்சத்தில் சேனலைக் கிட்டத்தில் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாகக் கருப்பு பிளாஸ்டிக் நாக்கு மாதிரி ஒன்று இருக்கிறது. காட்டுகிறேன், இங்கே. இதை மேலே தூக்கணும், எதிர்ப்பக்கம் இருப்பதைக் கீழே அழுத்தணும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டு இழுத்தால் டிராயர் முழுதாகக் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூவே வேண்டாம்! இரண்டு நாக்கும் ஒரே பக்கமாகத்தான் நகரும் என்று நினைத்து இரண்டையும் அழுத்தினால் வராது. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஏழு வருடமாக இந்த அலமாரி நம் வீட்டில் இருக்கிறது, இதை யாருமே சொல்லவில்லை.

இரண்டாவது டிராயர் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக மூன்றாவது டிராயரின் உள்பக்கம் மேலிருந்து தெரிந்தது. டார்ச் அடித்தேன். பாப்பாவின் கிலுகிலுப்பை! திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது வாங்கிய மரக் கிலுகிலுப்பை, சிவப்பும் மஞ்சளும் அடித்தது. அதன் கைப்பிடி செங்குத்தாக நிமிர்ந்து, குறுக்குச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இழுக்க இழுக்க அது சட்டத்தில் இடித்து நிற்கும், உள்ளே இருக்கிற மணிகள் கலகலக்கும். நாம் இரண்டு வருடமாகக் கேட்டது அந்தச் சத்தம்தான். ஒரு குண்டும் உதிரவில்லை. கையை விட்டு அதைச் சாய்த்தேன். டிராயர் வழுக்கிக்கொண்டு வந்து என் முழங்காலில் இடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிலுகிலுப்பையின் கைப்பிடியில் பாப்பாவின் பல் தடம் இன்னும் இருக்கிறது. இரண்டு சின்னக் குழி, கீழ்ப்பல் முளைத்தபோது கடித்தது. தெரிகிறதா? வெளிச்சத்தைத் திருப்புகிறேன்... இதோ.

இதைச் சொல்லத்தான் இன்றைய வீடியோவே. நம் அறையில் ஜன்னலோர நாற்காலி ஒன்று இருக்கிறது அல்லவா, எப்போது பார்த்தாலும் துணிக்குவியல்? நானும் எத்தனையோ விதமாக முயன்றேன். கூடை வைத்தேன், கொக்கி அடித்தேன், ஞாயிற்றுக்கிழமை மடிப்பு என்று அட்டவணை போட்டேன். பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். நேற்று அந்தக் குவியலைப் பிரித்துப் பார்த்தால் நைட்டி, துண்டு, பாப்பாவின் வீட்டு உடுப்பு, அவ்வளவுதான். எல்லாம் மூன்றாவது டிராயரில் இருக்க வேண்டியவை! நான்கு விரல் சந்தில் யார் துண்டைத் திணிப்பார்கள்? அதனால் நாற்காலிக்குப் போயிருக்கிறது. நேற்று இரவு துவைத்த துணி மடித்ததும் அவர் பாட்டுக்குப் போய் டிராயரைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். யாரும் சொல்லவில்லை. காலையில் நாற்காலி காலி. உங்கள் வீட்டில் துணி எங்கே குவிகிறதோ, அதற்குப் பக்கத்தில் திறக்காத கதவு, எட்டாத தட்டு, இடிக்கிற கட்டில் முனை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குவித்தவர்களைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஐயோ, ஃபேனையும் பரணையும் விட்டுவிட்டேனே! வேலையின் வரிசையில் அவைதான் முதலில். மேலிருந்து கீழே வரணும். பரண், ஒட்டடை, ஃபேன், ஏசி ஃபில்டர், அப்புறம் பீரோ மேல்தட்டு, கடைசியில் தரை. ஃபேனுக்குப் பழைய தலையணை உறை. சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கையை உறைக்குள் நுழைத்து மேலும் கீழுமாகப் பிடித்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஏசி ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்தேன். பரணிலிருந்து இறக்கியதில் நல்ல துணிகளைத் துவைத்துத் தெருவில் வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். போகி என்று எதையும் கொளுத்தப் போவதில்லை. 2018 போகி அன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. அந்தக் காற்றைத்தானே குழந்தைகளும் இழுக்கிறார்கள்.

மெத்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்முடையது இலவம்பஞ்சு, போடிநாயக்கனூரிலிருந்து வந்தது. எனக்கு நுரை மெத்தை ஆகவே ஆகாது, முதுகு வேர்க்கும். இலவம்பஞ்சைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். மாடியில் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில், நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டு, பிரம்பால் தட்டினால் போதும், சாயங்காலம் புசுபுசுவென்று எழுந்து நிற்கும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சூடாக, 60 டிகிரியாவது இருக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன். தூசிப்பூச்சி அந்தச் சூட்டில்தான் சாகும். கண்ணுக்கே தெரியாத அளவு, மில்லிமீட்டரில் கால்பங்கு இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் வாழும். அதனால் எழுந்த உடனே படுக்கையை இழுத்து மூடுவதை நிறுத்திவிட்டேன். போர்வையை ஒதுக்கி, ஜன்னலைத் திறந்து, பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்துதான் விரிப்பைச் சரிசெய்கிறேன். இரவு வியர்வை அதற்குள் காய்ந்துவிடும்.

மற்றபடி தினமும் பத்து நிமிடம்தான். ரூம் ஸ்பிரே வாங்கச் சொல்லி எழுதியவர்களுக்கு, மன்னிக்கவும், அடிக்கமாட்டேன். வாடை வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடணும். அன்றைக்கு ஸ்பிரே அடித்திருந்தால் பீரோவை நகர்த்தியே இருக்கமாட்டேன்.

கருவி இப்போது எவ்வளவு என்று சொல்லவில்லையே. இருங்கள், எடுத்து வருகிறேன்... 62. இன்னும் இரண்டு இறங்கணும்.

கிலுகிலுப்பை இப்போது பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாப்பா பள்ளியிலிருந்து வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, அவளுக்கு இன்னும் காட்டவில்லை. அதற்குள் கடைசியாக ஒருமுறை டிராயரைத் திறக்கிறேன். ஃபேனை நிறுத்திவிடுகிறேன், காதைக் கொடுங்கள்... ஒரு சத்தமும் இல்லை, பாருங்கள்.