இல்லாத 267ஆம் பாட்டு: மாணவர்களும் ஏ.ஐ. கருவிகளும்

[திரையில்: மதுரை, புது நத்தம் சாலை. கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் முகப்பு.]

வணக்கம். இளங்கலைத் தமிழ் படிக்கும் என் அண்ணன் மகள், பாண்டிய மன்னர்களைப் பற்றித் தான் எழுதிய அசைன்மென்ட்டைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கும்படி என்னிடம் தந்தாள். நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் புறநானூற்றின் 267ஆம் பாடல் என்று ஆறு அடிகள் இருந்தன. பாடியவர் மாங்குடி கிழார், பாடப்பட்டவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், திணை வாகை, துறை அரசவாகை என்று பழைய பதிப்புகளில் காண்பதைப் போலவே குறிப்பும் இருந்தது.

மாங்குடி கிழார் உண்மையான புலவர். நெடுஞ்செழியன் உண்மையான பாண்டியன். அவனை அவர் பாடியிருக்கிறார் என்பதும் உண்மை. அந்தப் பாட்டு மட்டும்தான் பொய். புறநானூற்றின் நானூறு பாடல்களில் 267, 268 ஆகிய இரண்டும் நமக்குக் கிடைக்காமலே போனவை. இதை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டதற்கு, "ஏ.ஐ.தான் சித்தப்பா குடுத்துச்சு, திணை துறையெல்லாம் சேத்துக் குடுத்துச்சே" என்றாள். திணையும் துறையும் இருந்ததால்தான் அவள் ஏமாந்தாள். அவசரத்தில் படித்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன்.

[திரையில்: "மதுரை" என்ற சொல். அதன் வலப்புறம் "மல்லி", "மீனாட்சி", "ஜிகர்தண்டா" என்று சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

இது எப்படி நேர்கிறது என்பதைப் பார்ப்போம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து நம் கைக்கு வந்திருக்கும் இத்தகைய கருவிகள், எழுத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இதுவரை வந்த துண்டுகளை அடுத்து எது வரக்கூடும் என்று கணித்து, ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போகின்றன. மதுரை என்றதும் நம் நாக்கில் மல்லி வந்து நிற்பதைப் போன்றதுதான் இது; கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பெற்ற பழக்கம் என்பது மட்டுமே வேறுபாடு. புறநானூற்றுப் பாட்டு எப்படி ஒலிக்கும், அதன் கீழே என்னென்ன குறிப்புகள் இருக்கும் என்பது அந்தப் பழக்கத்தில் பதிந்திருக்கிறது. குறிப்பிட்ட எண்ணில் பாட்டு இல்லை என்ற செய்தி அதே அளவுக்குப் பதிந்திராவிட்டால், கேட்ட வடிவத்தில் ஒரு பாட்டு பிறந்துவிடுகிறது. அதில் பொய் சொல்லும் எண்ணம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் உ.வே.சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தபோது, ஏடு சிதைந்து எழுத்து கிடைக்காத இடங்களில் தாமாக எதையும் எழுதிச் சேர்க்காமல் புள்ளிகளை இட்டார். அவ்வளவு தமிழ் கற்றவருக்கு அந்த இடங்களை ஓசை கெடாமல் நிரப்புவது பெரிய காரியமாக இருந்திருக்காது. தெரியாத இடத்தில் புள்ளி வைப்பது என்பது அறிவின் ஒரு பகுதி. நம் கையிலிருக்கும் கருவி அதை ஓரளவுக்குக் கற்றுவருகிறது என்றாலும், இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே புள்ளி வைக்கும் வேலை நம்முடையதாகிறது. மேற்கோள், பாடல் எண், ஆண்டு, நூலின் பக்கம், தீர்ப்பின் பெயர் ஆகியவற்றைக் கருவி தந்தால், அச்சுப் பிரதியிலோ மூல ஆவணத்திலோ கண்ணால் பார்க்கும்வரை அவை உங்கள் கட்டுரைக்குள் நுழையக் கூடாது. இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் கருவிகள் சுட்டி கொடுக்கும். அந்தச் சுட்டியைத் திறந்து, சொன்ன செய்தி அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியானால் தொடவே கூடாதா என்று கேட்டால், நான் அந்தக் கட்சி இல்லை.

உசிலம்பட்டியிலும் மேலூரிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, மதுரைக்கு வந்து ஆங்கில வழி வகுப்பில் உட்காரும் மாணவரின் முதல் ஆறு மாதங்களை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கருவியின் அருமை புரியும். பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைக் கொடுத்து, எளிய தமிழில் விளக்கச் சொல்லலாம். புரியவில்லை என்றால் கூச்சமின்றி நான்காவது முறையும் கேட்கலாம். ஆனால் கலைச்சொற்களில் கவனம் வேண்டும். மொமென்டம் என்பது உந்தம். மொமென்ட் என்பது திருப்புத்திறன். கருவி இரண்டையும் குழப்பலாம், அல்லது நம் பாடநூலில் இல்லாத புதுச் சொல் ஒன்றைத் தரலாம். பழைய தமிழ் வழிப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

[திரையில்: கோடு போட்ட நோட்டுப் பக்கம். பென்சிலால் எழுதிய கணக்கு.]

கணக்கில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறோம். அது கைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டு, ஒரு மாணவர் 20ஐ 10ஆல் வகுத்து 2 விநாடி என்று எழுதியிருக்கிறார். கேள்வியை அப்படியே கருவியிடம் கொடுத்தால் 4 விநாடி என்ற விடை உடனே வந்துவிடும். எங்கே வழுக்கினோம் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். மாறாக, தன் படிகளைத் தட்டச்சு செய்து, "விடையைச் சொல்ல வேண்டாம், முதலில் தவறும் படியை மட்டும் காட்டு" என்று கேட்டால், 2 விநாடி என்பது பந்து உச்சியைத் தொடும் நேரம் மட்டுமே என்று அது காட்டும். இறங்கும் நேரத்தைச் சேர்ப்பதை அவரே செய்துகொள்வார். முதலில் பென்சில், பிறகு கைபேசி என்ற வரிசை மாறினால் பயிற்சியும் போய்விடும்.

ஒரு சிறு எச்சரிக்கை: மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, தோழியின் கைபேசி எண் போன்றவற்றைப் படமெடுத்து அதனிடம் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். கட்டுரையை ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐந்து நிமிடம் எதிரில் உட்காரவைத்து, எழுதியதை விளக்கச் சொன்னால் தெரிந்துவிடும். மாணவர்கள் தங்கள் முதல் வரைவைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பதும் நல்லது.

[திரையில்: நூலக மேசை. விரித்த புறநானூற்றுப் பதிப்பு.]

அண்ணன் மகள் நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். மாங்குடி கிழார் அதே நெடுஞ்செழியனைப் பாடிய 24ஆம் பாடலை உரையுடன் படித்தாள். வெயில் தாங்காமல் நெல்லறுப்போர் கடலலையின் மேல் பாயும் அந்தக் காட்சியைப் பற்றித் தானே ஒரு பத்தி எழுதினாள். அது முன்பிருந்த பத்தியை விடச் சற்றுத் தடுமாற்றமாகத்தான் இருந்தது. கட்டுரையின் கடைசியில் இப்படி ஒரு குறிப்பும் சேர்த்திருந்தாள்: "உட்தலைப்புகளின் வரிசைக்கு ஏ.ஐ. கருவியிடம் யோசனை கேட்டேன். பாடல்கள் அனைத்தும் அச்சுப் பதிப்பைப் பார்த்து எழுதியவை. 267ஆம் பாடல் கிடைக்கவில்லை."